கொல்லிமலைக் கிழங்கும் எலியின் பாதமும்

காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் கொல்லிமலை. நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இம்மலைக்குச் செல்வோர் அறப்பளீசுவரர் கோயிலையும், அதனருகே உள்ள ஆகாயகங்கை அருவியையும் காணாமல் திரும்புவதில்லை. அருவிக்கு இறங்க ஆயிரம் படிகள் போல இருக்கின்றன. இறங்கி ஏறியவருடைய முழங்கால்கள் முறையிடத் தொடங்கும் அந்த இடத்திலேயே, முழங்கால் வலிக்கு மருந்து என்று சொல்லி முடவாட்டுக்கால் சூப் விற்கிறார்கள். வாணிபத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் அமையாது.

மாணவர்களை அழைத்துக்கொண்டு நான் அங்குச் சென்றபோது, ஒரு கடையின் தட்டியில் பத்திரிகைத் துண்டு ஒன்று கண்ணாடித்தாள் உறையிட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. கிழங்கின் படம், அதன் கீழே அது தீர்க்கும் நோய்களின் நீண்ட வரிசை, கடைசியில், "அறிவியல் ஆய்வுகளில் உறுதி செய்யப்பட்டது" என்ற வரி. சூப்பைக் குடித்துக்கொண்டே ஒரு மாணவன் கேட்டான்: "சார், உறுதின்னா எந்த மாதிரி உறுதி? ஓம் விதி மாதிரியா?"

கேள்வி வேடிக்கையானது, ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குச் சில மாதங்களுக்கு முன் என் தாயாருக்கு இதே கிழங்கு வீட்டுக்கு வந்திருந்தது. முழங்கால் வலிக்காக நாள்தோறும் குடித்தார். வலி குறைந்தது என்றார். நாங்களும் மகிழ்ந்தோம். பிறகுதான் தெரிந்தது, "எல்லாவற்றுக்கும் இதுவே போதும்" என்று யாரோ சொன்னதை நம்பி, இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையை 3 வாரங்களாக அவர் நிறுத்தியிருந்தார் என்பது. நல்ல வேளையாகத் தீங்கு நேருமுன் கண்டுபிடித்துவிட்டோம். "அறிவியல் ஆய்வில் உறுதி" என்ற அந்த ஒரு வரி, இவ்வாறு மாத்திரை டப்பாவை மூடிவைக்கும் வலிமை உடையது.

ஆகவே அந்த வரி எங்கிருந்து புறப்பட்டு எப்படிக் கடைத்தட்டிக்கு வந்து சேர்ந்தது என்று ஆராய்வது பயனுள்ளது. நான் தாவரவியல் படித்தவன் அல்லன், மருத்துவனும் அல்லன். இயற்பியல் கற்பிப்பவன். எனினும் 'எவ்வளவு?', 'எதனோடு ஒப்பிட்டு?' என்னும் இரு கேள்விகள் எல்லாத் துறைகளுக்கும் பொதுவானவை. மூலிகை ஆய்வுக் கட்டுரைகளை அவ்விரு கேள்விகளோடு படித்ததன் விளைவே இத்திறனாய்வு.

முடவாட்டுக்கால் என்பது என்ன?

கிழங்கு என்று நாம் சொன்னாலும் இது மண்ணுக்குள் விளைவதன்று. பாறைகளின் மீதும் மரங்களின் மீதும் தொற்றி வளரும் ஒரு பெரணி. தாவரவியலில் இதற்கு டிரைனேரியா குவெர்சிஃபோலியா என்று பெயர். ஓக் மரத்தின் இலையைப் போன்ற இலையுடையது என்பது இரண்டாம் சொல்லின் பொருள். இதற்கு இருவகை இலைகள் உண்டு. ஒருவகை பசுமையாக நீண்டு வளர்ந்து வித்துத்தூள்களைத் தாங்கும். மற்றொருவகை குட்டையாய், பழுப்பு நிறமாய் உலர்ந்து, தண்டை ஒட்டிக் கிண்ணம் போல் நிற்கும். மேலிருந்து விழும் சருகுகளும் தூசியும் அக்கிண்ணத்தில் தங்கி மட்கி, மண்ணில்லாத இடத்தில் வாழும் இச்செடிக்கு எருவாகின்றன.

நாம் சூப்பில் இடுவது இதன் தண்டு. பாறையை ஒட்டிப் படரும் இத்தண்டைப் பழுப்பு நிறச் செதில்கள் மயிர்போல் மூடியிருப்பதால் ஆட்டுக்காலைப் போலத் தோன்றும். முடவனையும் காலை ஆட்டச் செய்வது என்று பெயருக்கு விளக்கம் சொல்வோரும் உண்டு. தோலைச் சீவி, துண்டாக்கி, இடித்து, மிளகு சீரகத்தோடு கொதிக்கவைத்தால் ஆட்டுக்கால் சூப்பின் மணத்தை நினைவூட்டும். சீன மருத்துவத்திலும் இதே இனத்தைச் சேர்ந்த டிரைனேரியா ஃபார்ச்சுனியை என்னும் பெரணியின் தண்டு எலும்பு முறிவுக்குத் தரப்படுகிறது. ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள இரு மருத்துவ மரபுகள் ஒரே வகைச் செடியை எலும்போடும் மூட்டோடும் இணைத்திருப்பது கவனிக்கத்தக்கது. ஆராய்வதற்கு இது நல்ல காரணம். ஆராய்ந்து முடித்ததற்குச் சான்று அன்று.

முதல் வகை ஆய்வு: பட்டியல்

கொல்லிமலையைப் பற்றிய மூலிகை ஆய்வுகளில் பெரும்பகுதி பட்டியல்களே. இம்மலையில் வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுகின்றனர். (கேரளத்தைக் குறிக்கும் சொல் அன்று இது, மலையை ஆள்பவர் என்னும் பொருளுடையது.) ஆய்வாளர் அவர்களிடம் சென்று, எந்தச் செடியை எந்த நோய்க்குப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்டு, செடியை அடையாளங்கண்டு, தாவரவியல் பெயரோடு அட்டவணையில் பதிவு செய்கிறார். இது தேவையான பணி. ஒரு முதியவரோடு மறைந்துவிடக்கூடிய அறிவைப் பதிவு செய்வது பெருமைக்குரியதும்கூட.

தொல்லை எங்கே தொடங்குகிறது? அட்டவணையின் கடைசிப் பத்தியில் தரப்படும் எண்ணில். 'தகவலாளர் ஒற்றுமை எண்' என்று ஒன்று 1986 முதல் இத்துறையில் வழங்குகிறது. அதைக் கணக்கிடுவது எளிது. ஒரு நோய்க்கு மருந்து கூறியவர்களின் கூற்றுகள் 40 என்று கொள்வோம். அவற்றில் இடம்பெற்ற செடிகள் 5. நாற்பதிலிருந்து ஐந்தைக் கழித்து, வரும் 35-ஐ, நாற்பதில் ஒன்று குறைந்த 39-ஆல் வகுத்தால் 0.90. இந்த எண் ஒன்றுக்கு அருகில் இருந்தால் எல்லோரும் ஏறத்தாழ அதே செடிகளையே சொல்கின்றனர் என்று பொருள்.

இந்த 0.90 எதை அளக்கிறது? மக்களிடையே உள்ள கருத்தொற்றுமையை. செடியின் ஆற்றலை அது அளக்கவே இல்லை. மேலும், 40 பேரும் ஒரே வைத்தியரிடம் கேட்டறிந்தவர்களாயின், நாம் பெற்றது 40 சான்றுகள் அல்ல. ஒரே சான்றின் 40 எதிரொலிகள். ஆய்வகத்தில் ஒரே கடிகாரத்தைப் பத்து மாணவர்கள் பார்த்து ஒரே நேரத்தைச் சொன்னால் கடிகாரம் சரியாக ஓடுகிறது என்று ஆகிவிடுமா? எந்தச் செடியை முதலில் ஆராயலாம் என்று தேர்ந்தெடுக்க இந்த எண் உதவும். அதற்குமேல் அதன்மீது பாரம் ஏற்றக் கூடாது.

இரண்டாம் வகை ஆய்வு: கண்ணாடித் தட்டு

அடுத்தது, செடியின் சாற்றைப் பாக்டீரியாக்களின் மீது சோதிப்பது. அகார் பரப்பிய தட்டில் பாக்டீரியாக்களை வளர்த்து, சாற்றில் தோய்த்த சிறு வட்டத்தாளை நடுவில் வைக்கிறார்கள். ஓர் இரவு கழித்து, தாளைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வெற்று வளையம் தோன்றினால் அதன் விட்டத்தை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். முடவாட்டுக்காலும் இச்சோதனைக்கு உட்பட்டது. 2001-இல் 'ஃபிட்டோடெராப்பியா' என்னும் இதழில் வெளிவந்த ஆய்வு இதன் வேதிப்பொருள்களையும், நுண்ணுயிர்களுக்கு எதிரான செயலையும் தெரிவித்தது. கண்டறிந்த பொருள்களுள் நாரிஞ்சின் ஒன்று. பம்ப்ளிமாசுப் பழத்தின் கசப்புக்குக் காரணமான அதே பொருள்.

வளையத்தின் விட்டம் பொருளின் ஆற்றலை மட்டும் பொறுத்ததன்று. அகாருக்குள் பொருள் எவ்வளவு விரைவாக விரவிச் செல்கிறது என்பதையும் பொறுத்தது. சிறு மூலக்கூறு விரைந்து பரவும், பெரியது தயங்கும். ஆகவே இரு செடிகளின் வளையங்களை ஒப்பிட்டு இதுவே வலியது என்று கூறுவது, ஓடும் வேகத்தை வைத்து மல்யுத்த வீரரைத் தேர்ந்தெடுப்பது போன்றது.

இதைவிட முக்கியமானது செறிவு. பெனிசிலின் தன்னால் கட்டுப்படக்கூடிய பாக்டீரியாக்களை, ஒரு மில்லிலிட்டரில் ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவிலேயே தடுத்துவிடுகிறது. செடிச் சாறுகளோ பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம், சில வேளைகளில் பல மில்லிகிராம் செறிவில் 'செயல் காட்டின' என்று எழுதப்படுகின்றன. ஆயிரம் மடங்கு வேறுபாடு! மனித உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் உள்ளது. அதில் மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் செறிவு வேண்டுமாயின் 5 கிராம் சாறு முழுவதும் சிதையாமல் இரத்தத்தில் கரைந்திருக்க வேண்டும். வயிற்றையும் கல்லீரலையும் கடந்து அவ்வளவு போய்ச் சேருமா? தட்டில் பாக்டீரியாவைக் கொல்ல உப்பாலும் முடியும், சோப்பாலும் முடியும். அவற்றை நாம் காய்ச்சலுக்குக் கொடுப்பதில்லை.

மூன்றாம் வகை ஆய்வு: எலியின் பாதம்

மூட்டுவலிக்கு நேரடியாகத் தொடர்புடையதாகக் காட்டப்படுவது இச்சோதனை. 2010-இல் 'ஜர்னல் ஆஃப் எத்னோஃபார்மகாலஜி' இதழில் வந்த ஓர் ஆய்வு, முடவாட்டுக்காலின் வீக்கம் தணிக்கும் பண்பையும் வலி போக்கும் பண்பையும் விலங்குகளில் ஆராய்ந்தது. இத்தகைய ஆய்வுகளில் பெரிதும் கையாளப்படுவது 1962 முதல் வழக்கிலுள்ள ஒரு முறை. கடற்பாசியிலிருந்து எடுக்கும் காராஜீனன் என்னும் பொருளை (ஐஸ்கிரீமைக் கெட்டியாக்கவும் இது பயன்படுகிறது) எலியின் பின்னங்கால் பாதத்தில் ஊசியால் செலுத்துகிறார்கள். சில மணி நேரத்தில் பாதம் வீங்குகிறது. முன்கூட்டியே சாறு கொடுக்கப்பட்ட எலிகளில் வீக்கம் குறைவாக இருந்தால் சாறு வேலை செய்கிறது எனலாம்.

வீக்கத்தை அளக்கும் முறை நமக்கு நன்கு அறிமுகமானது. எலியின் பாதத்தை ஒரு குழாயிலுள்ள திரவத்தில் அமிழ்த்தி, எவ்வளவு திரவம் இடம்பெயர்கிறது என்று பார்க்கிறார்கள். ஆர்க்கிமிடீஸ் குளியல் தொட்டியில் கண்டதாகச் சொல்லப்படும் அதே தத்துவம்! சாறு பெறாத குழு ஒன்று, வழக்கமான மருந்து பெற்ற குழு ஒன்று, வெவ்வேறு அளவுகளில் சாறு பெற்ற குழுக்கள் என்று பிரித்து ஒப்பிடுகிறார்கள். பட்டியலையும் தட்டையும்விட இது மிகச் சிறந்த சோதனை என்பதில் ஐயமில்லை. ஒப்பீடு இருக்கிறது, அளவு இருக்கிறது.

ஆயினும் இதிலிருந்து சூப்புக் கோப்பைக்கு வர மூன்று பாலங்களைக் கடக்க வேண்டும்.

முதலாவது நோய். எலியின் பாதத்தில் வந்தது சில மணி நேர வீக்கம். முதியவரின் முழங்காலில் இருப்பது பல ஆண்டுகளாகக் குருத்தெலும்பு தேய்ந்ததால் வந்த வலி. இரண்டும் ஒன்றல்ல.

இரண்டாவது அளவு. எலிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 400 மில்லிகிராம் சாறு கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். இத்தகைய ஆய்வுகளில் இது வழக்கமான அளவே. 60 கிலோ எடையுள்ளவருக்கு அப்படியே பெருக்கினால் 24 கிராம் வரும். ஆனால் சிறிய உடலில் வளர்சிதை மாற்றம் விரைவாக நடப்பதால் அப்படிப் பெருக்கக் கூடாது. உடற்பரப்பைக் கணக்கில் கொண்டு எலியின் அளவை 6.2-ஆல் வகுக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் 2005-ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்கிறது. அப்போது ஏறத்தாழ 3.9 கிராம் சாறு வேண்டும். 100 கிராம் உலர்ந்த கிழங்கிலிருந்து 10 கிராம் சாறு கிடைப்பதாகக் கொண்டால், ஒரு வேளைக்கு 39 கிராம் உலர்ந்த கிழங்கு! பச்சைக் கிழங்கானால் இன்னும் கூடுதலாகும். கடைக்காரரிடம் ஒரு கோப்பைக்கு எவ்வளவு கிழங்கு போடுகிறீர்கள் என்று கேட்டேன். "ஒரு துண்டு" என்றார்.

மூன்றாவது தயாரிப்பு முறை. ஆய்வகத்தில் ஆல்கஹாலில் ஊறவைத்து எடுக்கப்படும் சாறும், கடையில் நீரில் கொதிக்கவைத்த சூப்பும் வேறு வேறு பொருள்கள். ஒன்றில் இறங்குவது மற்றொன்றில் இறங்காமல் போகலாம். இது சிறு விவரம் அன்று. மலேரியாவுக்கான ஆர்ட்டிமிசினின் மருந்தைக் கண்டறிந்து 2015-இல் நோபெல் பரிசு பெற்ற சீன ஆய்வாளர் தூ யூயூவின் வெற்றி இதைத்தான் சார்ந்திருந்தது. தொடக்கத்தில் அவருடைய சாறுகள் நிலையான பலன் தரவில்லை. செடியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அருந்துக என்று ஒரு பழைய சீன மருத்துவ நூல் கூறியிருந்தது; காய்ச்சச் சொல்லவில்லை. வெப்பம் மருந்தை அழிக்கிறதோ என்று ஐயுற்று, குறைந்த வெப்பநிலையில் ஈத்தரால் பிரித்தெடுத்தார். 1971-இல் பலன் கிடைத்தது. மரபு கூறுவதை முழுமையாகக் கேட்பது என்றால் செடியின் பெயரோடு நின்றுவிடாமல், செய்முறையையும் கேட்பதாகும். நம் பட்டியல்களில் 'கஷாயம்', 'விழுது' என்ற ஒரே சொல்லோடு அப்பத்தி முடிந்துவிடுகிறது.

ஒரு வாக்கியம் செய்யும் கேடு

மேற்கூறிய மூவகை ஆய்வுகளிலும் பொய் ஏதுமில்லை. அளந்ததை அளந்தபடியே எழுதியிருக்கிறார்கள். கேடு முடிவுரையில் வருகிறது. "இதனால் இச்செடியின் மரபுவழிப் பயன்பாடு அறிவியல் அடிப்படையில் உறுதியாகிறது" என்னும் வாக்கியம் இத்தகைய கட்டுரைகளில் மீண்டும் மீண்டும் காணக்கிடைக்கிறது. ஆறு எலிகளின் பாதத்தில் நான்கு மணி நேரத்தில் நடந்தது, அந்த ஒரே வாக்கியத்தால் மனிதருக்கு ஆண்டுக்கணக்கில் நடப்பதாக உருமாறுகிறது. செய்தியாளர் முடிவுரையை மட்டும் படிக்கிறார். கடைக்காரர் செய்தியை மட்டும் வெட்டி எடுக்கிறார். அவர்களைக் குறைகூறிப் பயனில்லை. எழுதிக் கொடுத்தவர்கள் நாம்.

'நாம்' என்று வேண்டுமென்றே சொல்கிறேன். பட்டத்துக்கான ஆய்வை மூன்றாண்டுகளில் முடித்தாக வேண்டும். தட்டும் அகாரும் எளிதில் கிடைக்கும். ஒரு செடிக்கு ஒரு கட்டுரை என்று எண்ணிக்கை கூடும். அடுத்த மாணவருக்கு அடுத்த செடி. தொடங்கிய செடியை அடுத்த படிக்கு எடுத்துச் செல்ல மருத்துவமனை வேண்டும், மருத்துவர் வேண்டும், பொறுமை வேண்டும். இவை இல்லாமையால் முதற்படியிலேயே ஊர்வலமாய் நிற்கின்றன நம் மூலிகைகள்.

படியேறிய செடிகள்

ஏறிய செடிகள் இல்லாமல் இல்லை. சர்ப்பகந்தி நம் நாட்டின் பெருமை. 1931-இல் சலீமுஸ்ஸமான் சித்திகி டில்லியில் அதன் வேரிலிருந்து ஆல்கலாய்டுகளைப் பிரித்தார். அதே ஆண்டில் கல்கத்தாவைச் சேர்ந்த சென், போஸ் இருவரும் இரத்த அழுத்தத்திலும் மனநோயிலும் அதன் பயனை எழுதினர். பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் தம் நோயாளிகளின் இரத்த அழுத்தத்தை அளந்து பதிவு செய்து 1949-இல் பிரிட்டிஷ் இதயவியல் இதழில் வெளியிட்டார். உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் ரிசர்ப்பினைப் பிரித்தனர். மனிதரில் அளந்த பிறகே செடி மருந்தாயிற்று. அளந்ததால்தான் சிலருக்கு அது மனச்சோர்வைத் தருகிறது என்ற குறையும் வெளிப்பட்டது.

மற்றொன்று ஆப்பிரிக்காவையொட்டிய மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட நித்திய கல்யாணி. நம் ஊர்ச் சுடுகாட்டு ஓரங்களிலும் பூப்பது. ஜமைக்காவில் இதன் இலைக் கஷாயம் நீரிழிவுக்குத் தரப்படுவதாக அறிந்து, கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்ல்ஸ் பீரும் எலிகளில் சோதித்தனர். சர்க்கரை குறையவில்லை. ஆனால் ஊசிவழி சாறு பெற்ற எலிகள் தொற்றுநோயால் மடிந்தன. ஏன் என்று பார்த்ததில் அவற்றின் வெள்ளையணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. அப்படியானால் வெள்ளையணுக்கள் பெருகும் புற்றுநோய்க்கு இது உதவுமா? 1958-இல் வின்பிளாஸ்டின் அறிவிக்கப்பட்டது. அதே செடியிலிருந்து வந்த வின்கிரிஸ்டின் இன்றும் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு முக்கிய மருந்து. இங்கே மரபு சொன்ன பயனை ஆய்வு உறுதி செய்யவில்லை. 'உறுதியாகவில்லை' என்று நேர்மையாக ஒப்புக்கொண்டதால்தான் உண்மையான பயன் கண்ணில் பட்டது. 'மரபுப் பயன்பாடு உறுதியாகிறது' என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு ஆராய்ந்திருந்தால், மடிந்த எலிகள் குப்பைக்குப் போயிருக்கும்.

நெடுங்காலப் பழக்கம் பாதுகாப்புக்குச் சான்றா?

"நூற்றாண்டுகளாகச் சாப்பிடுகிறார்கள், கெடுதல் இருந்தால் தெரியாதா?" என்று கேட்பவர் உண்டு. உடனே தெரியும் கெடுதல் தெரியும். உண்டவுடன் வாந்தி வந்தால் ஊரே அறியும். பத்தாண்டு கழித்துச் சிறுநீரகம் பழுதானால், அதை எந்தக் கஷாயத்தோடு யார் தொடர்புபடுத்துவர்? ஆடுதீண்டாப்பாளை உள்ளிட்ட அரிஸ்டலோக்கியா இனச் செடிகள் பல நாடுகளின் மரபு மருத்துவத்தில் நெடுங்காலம் பயன்பட்டவை. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை உண்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்தன. அம்மாத்திரையில் ஒரு மூலிகைக்கு மாறாக அரிஸ்டலோக்கியா சேர்ந்திருந்தது தெரியவந்தது. அதிலுள்ள அரிஸ்டலோக்கிக் அமிலம் புற்றுநோயையும் உண்டாக்கும் என்பது இன்று ஐயத்துக்கு இடமின்றி அறியப்பட்டுள்ளது. முடவாட்டுக்கால் அத்தகையது என்று நான் கூறவில்லை. பழக்கம் மட்டுமே காவல் ஆகாது என்கிறேன்.

செடியும் மக்களும்

இன்னும் இருவர் இக்கணக்கில் விடுபடுகின்றனர். ஒன்று, செடி. நாம் எடுப்பது தண்டு. தண்டு முழுவதையும் பெயர்த்தால் செடி முடிந்தது. இலையைப் பறிப்பது போன்றதன்று இது. உறுதியற்ற ஒரு செய்தி நகரங்களில் தேவையைப் பெருக்கினால், அதன் விலையைப் பாறைமேல் மெல்ல வளரும் பெரணி கொடுக்கிறது. சர்ப்பகந்தி இந்த வழியில்தான் காடுகளில் அருகி, பன்னாட்டு வாணிபக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இடம்பெற்றது.

மற்றொருவர் மலையாளி மக்கள். கட்டுரையில் அவர்கள் 'தகவலாளர்கள்', அதோடு சரி. இதற்கு மாற்றுவழி நம் அருகிலேயே உண்டு. 1987-இல் அகத்தியமலைப் பகுதியில் ஆய்வாளர்கள் களைத்து நின்றபோது, வழிகாட்டிகளான காணி மக்கள் ஒரு செடியின் காயைத் தின்று களைப்பின்றி நடந்தனர். அதுவே ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரத்தை அடுத்த பாலோடு தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் அதிலிருந்து 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கி, 1995-இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய ஃபார்மசிக்கு 10 லட்ச ரூபாய்க்கு உரிமம் அளித்தது. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவாயிற்று. ஏற்பாட்டில் குறைகள் இருந்தன. எனினும் பங்கு என்ற கொள்கை ஏற்கப்பட்டது.

தென்னாப்பிரிக்காவில் நடந்ததும் எண்ணிப் பார்க்கத்தக்கது. கலகாரிப் பாலைநிலத்துச் சான் மக்கள் பசியை அடக்க மென்ற ஹூடியா செடிக்கு அந்நாட்டு ஆய்வு நிறுவனம் காப்புரிமை பெற்று, வெளிநாட்டு நிறுவனத்துக்கு உரிமம் தந்தது. சான் மக்களுக்குப் பங்கு உடன்பாடு 2003-இல்தான் வந்தது. பின்னர் 2008-இல் யூனிலீவர் நிறுவனம், பாதுகாப்பும் பயனும் போதவில்லை என்று திட்டத்தைக் கைவிட்டது. சோதனை முடியுமுன் எழும்பிய நம்பிக்கை சரிந்தபோது அம்மக்களின் எதிர்பார்ப்பும் சேர்ந்து சரிந்தது. நம் நாட்டில் 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டமும், சென்னையில் தேசியப் பல்லுயிர்ப் பெருக்க ஆணையமும் இருக்கின்றன. சட்டம் மலையேறி வந்து சேர, ஆய்வாளரும் தம் பங்குக்கு அதை எடுத்துச் செல்ல வேண்டும்.

செய்யக்கூடியது என்ன?

பெரிய கருவி எதுவும் தேவையில்லாத ஒரு சோதனையைச் சொல்கிறேன். முழங்கால் வலியுள்ள நூற்றுக்கு மேற்பட்டோரை, அவர்கள் இசைவுடன், சித்த மருத்துவரும் எலும்பு மருத்துவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்கட்டும். நாணயம் சுண்டி இரு குழுக்களாகப் பிரிக்கட்டும். ஒரு குழுவுக்குக் கிழங்கு சேர்ந்த சூப். மற்றதற்கு அதே மிளகு, அதே சீரகம், அதே நிறம், கிழங்கு மட்டும் இல்லாத சூப். யாருக்கு எது என்பது குடிப்பவருக்கும் தெரியக் கூடாது; வலியை அளப்பவருக்கும் தெரியக் கூடாது. மூன்று மாதம் கழித்து வலியின் அளவையும், குறிப்பிட்ட தொலைவை நடக்க ஆகும் நேரத்தையும், சிறுநீரகம், கல்லீரல் நிலையையும் ஒப்பிடலாம். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும்; மலையாளி மக்களின் வைத்தியர் ஒருவர் சூப்பின் செய்முறையை மேற்பார்வையிட வேண்டும்.

கிழங்கில்லாத சூப் எதற்கு என்று கேட்கலாம். மூட்டுவலி ஏறி இறங்கும் இயல்புடையது. வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் மருந்தைத் தேடுகிறோம். அதன்பின் அது தானாகவே இறங்கினாலும் பெயர் மருந்துக்குப் போகிறது. அன்றியும், கவனிப்பும் நம்பிக்கையுமே வலியைக் குறைக்கும். மூட்டுத் தேய்வு பற்றிய 198 சோதனைகளைத் தொகுத்து 2008-இல் வெளியான ஆய்வு, மருந்தில்லாத வெறும் மாத்திரை பெற்றவர்களுக்கும் வலி குறிப்பிடத்தக்க அளவு தணிந்ததைக் காட்டியது. என் தாயாருக்கு வலி குறைந்தது உண்மை. அது கிழங்காலா, கோடை வந்ததாலா, மகன் மலையிலிருந்து வாங்கி வந்தான் என்ற மகிழ்ச்சியாலா என்று ஒருவரை மட்டும் வைத்துச் சொல்ல இயலாது. அதற்குத்தான் இரண்டாம் குழு.

சோதனையில் கிழங்கு வென்றால், கொல்லிமலை மக்களின் அறிவுக்கு உலகம் கடன்பட்டது என்று தயக்கமின்றிச் சொல்லலாம். வளர்ப்பு முறை கண்டு, பாறைகளைக் காலியாக்காமல் பயிரிடலாம். தோற்றால், ஆட்டுக்கால் சூப்பை நினைவூட்டும் சுவையான ஒரு சூப் என்ற பெயரோடு அது மலையில் நீடித்து வாழட்டும், பெரணிகளும் பிழைக்கும். இரண்டில் எது வந்தாலும் நமக்கு ஆதாயமே.

அந்த மாணவனுக்கு அன்று படியேறியபடியே நான் சொன்ன விடை இது: "ஓம் விதியை நீ ஆய்வகத்தில் மின்னோட்டத்தை அளந்து பார்த்தாய். இங்கே இன்னும் எலியின் பாதத்தைத்தான் அளந்திருக்கிறார்கள். மனிதருடைய முழங்காலை அளக்கும் வேலை பாக்கி." தாயாரிடம் சொன்னது இன்னும் சுருக்கம்: "சூப்பைச் சூப்பாகக் குடியுங்கள் அம்மா, மாத்திரையை நிறுத்தாதீர்கள், குடிப்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்." இதைப் படிக்கும் வாசகர்களும் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இன்றே இதைச் சொல்லலாம். மூலிகை ஆய்வு செய்யும் நண்பர்களிடம் எனக்குள்ள வேண்டுகோளும் சிறியதே. அடுத்த கட்டுரையின் முடிவுரையில் அந்தப் பழைய வாக்கியத்தை எழுதப் போகும்போது, "எந்த உயிரில், எந்த அளவில், எவ்வளவு நேரத்துக்கு" என்ற மூன்றையும் அதே வாக்கியத்தில் சேர்த்து எழுதுங்கள். அப்படி எழுதிய வாக்கியத்தைக் கடைத்தட்டியில் மாட்ட யாரும் வெட்டி எடுக்கமாட்டார்கள்.